செயற்கை விண்மீனுக்கு ஏற்ற ஒளி எது?

விண்மீன்கள் கண்சிமிட்டுகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். உண்மையில் அவை சிமிட்டுவதில்லை. பல்லாண்டுகள் பயணம் செய்து வரும் ஒளி, நம்மை எட்டும் கடைசிக் கணத்தில், வளிமண்டலத்தின் வெம்மையும் குளிர்மையும் கலந்த காற்றால் அலைக்கழிக்கப்படுகிறது. கவிஞர்க்கு அழகாகும் இச்சிமிட்டல் வானியலார்க்குப் பெருந்தடை. எத்துணைப் பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும், கலங்கிய நீருக்கடியில் கிடக்கும் காசைப் போலவே உருவம் தெரியும்.

இதற்கொரு வழியை 1953-இல் ஹொரேஸ் பாப்காக் என்னும் அமெரிக்க வானியலார் எடுத்துரைத்தார். காற்றின் கலக்கத்தை நொடிதோறும் பன்முறை அளந்து, அதற்கு எதிராகக் கண்ணாடியின் வடிவத்தையே நெளித்துவிட்டால் உருவம் தெளியும் என்பது அவர் கருத்து. இன்று இதனைத் தகவமை ஒளியியல் என்கிறோம். ஆனால் கலக்கத்தை அளப்பதற்கு, காண விரும்பும் பொருளின் அருகிலேயே ஒளிமிக்க விண்மீன் ஒன்று வேண்டும். வானின் பெரும்பகுதியில் அத்தகைய விண்மீன் இல்லை. இல்லாததை நாமே உண்டாக்கினால் என்ன?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1982-இல் வில்லியம் ஹேப்பர் இவ்வழியைக் கண்டார். அது மறைபொருளாக வைக்கப்பட்டது. பிரான்சின் ஃபுவா, லபேரி இருவரும் தாமாகவே இதே கருத்தை எட்டி 1985-இல் வெளியிட்டனர். அமெரிக்கா தன் ஆய்வுகளை வெளிப்படுத்தியது 1991-இல்தான். பூட்டி வைத்த அறிவை இன்னொருவர் மீண்டும் தேடிக் கண்டெடுக்க நேர்ந்தது.

இனி, எந்த லேசரைத் தேர்வது என்பதே வினா.

எளிய வழி, காற்றின் மூலக்கூறுகளே சிதறடிக்கும் ஒளியைக் கொள்வது. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிகும். ஆதலின் 532 நானோமீட்டர் பச்சை ஒளியோ, 355 நானோமீட்டர் புறஊதா ஒளியோ இதற்குப் பொருந்தும். தொழிற்சாலைகளில் பயன்படும் லேசர் வகைகளே போதும். பலோமர் மலையின் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் புறஊதா லேசர் செம்மையாகப் பணியாற்றியது. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாமையால் விமானிகளின் கண்ணும் கூசுவதில்லை.

ஆயினும் இதிலொரு குறை உண்டு. விண்மீனின் ஒளி கண்ணாடி முழுவதன் மீதும் தூண்போல் நேராக இறங்குகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துப் புள்ளியின் ஒளியோ கூம்பாக விரிந்து இறங்குகிறது. கூம்புக்கு வெளியே நிற்கும் காற்று அளக்கப்படாமலே போகிறது. கண்ணாடி பெரிதாக ஆக இப்பிழையும் பெரிதாகும்.

பெருந்தொலைநோக்கிகளுக்கு இன்னும் உயரமான புள்ளி வேண்டும். நல்வாய்ப்பாக, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்கள் படலமாக உள்ளன. எரிந்து விழும் விண்கற்கள் விட்டுச் சென்ற பொருள் அது. 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி பட்டால் அவ்வணுக்கள் ஒளிரும். தெருவோரச் சோடிய விளக்கின் நிறந்தான். ஆனால் நானோமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அவை வாளாவிருக்கும்.

அந்த நிறத்தை ஆற்றலோடு தரும் லேசர் எளிதில் வாய்க்கவில்லை. கலிபோர்னியாவின் லிக் ஆய்வகமும் ஹவாயின் கெக் ஆய்வகமும் முதலில் சாயக் கரைசல் லேசர்களைக் கையாண்டன. சாயம் கரைந்திருந்தது எரிசாராயத்தில். மலையுச்சியில் தீ அச்சத்தோடு அதனைப் பேணுவது எளிதன்று. பின்னர் ஒரு விந்தையான பொருத்தம் கைகொடுத்தது. நியோடிமியம் கலந்த படிக லேசர் தரும் 1064, 1319 நானோமீட்டர் ஒளிகள் இரண்டையும் ஒரு படிகத்தில் இணைத்தால் 589 கிடைக்கிறது! ஜெமினி தொலைநோக்கிகள் இம்முறையை மேற்கொண்டன. சிலியில் உள்ள ஐரோப்பியரின் மாபெரும் தொலைநோக்கியில் 2016-இல் அமைந்த நான்கு லேசர்களோ இழை வகையின. 1178 நானோமீட்டர் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கி, ஒவ்வொன்றும் 22 வாட் தருகின்றன. பராமரிப்பின் எளிமையை எண்ணினால் இதுவே சிறந்ததென்பது நம் கருத்து.

வாட் கணக்கு மட்டும் பார்ப்பது போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஒளியை ஏற்று உமிழ்ந்த அணுக்களுள் சில வேறொரு நிலையில் தங்கி, மேலும் ஒளிராது நின்றுவிடுகின்றன. ஒளியின் சிறு பங்கைச் சற்றே வேறுபட்ட அலைநீளத்தில் செலுத்தினால் அவை மீள்கின்றன. அதே ஆற்றலில் விண்மீன் கூடுதலாகச் சுடர்கிறது.

கெக்கில் 2004 முதல் இச்செயற்கை விண்மீனின் துணையோடு, பால்வீதி மையத்துக் கருந்துளையைச் சுற்றும் விண்மீன்கள் நுட்பமாக அளக்கப்பட்டன. அவ்வாய்வை நடத்திய ஆந்திரியா கெஸ் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அங்கே லேசர் ஒளிர்ந்த இரவுகளில், விமானம் ஏதும் வருகிறதா என்று பார்க்கவே கடுங்குளிரில் வெட்டவெளியில் ஆட்கள் நின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தனைக்குப் பின்னும் இயற்கை விண்மீன் தேவையற்றுப் போகவில்லை. லேசர் ஒளி ஏறிய காற்றின் வழியே திரும்பி இறங்குவதால், உருவம் முழுவதும் ஒருபுறமாக நகர்வதை அதனால் காட்ட இயலாது. அந்நகர்வை அளக்க இன்றும் மங்கலான மெய் விண்மீன் ஒன்று பார்வைப் புலத்தின் அருகில் வேண்டியிருக்கிறது.