பூங்காவுக்குச் செல்லும் வழி

மும்பைத் தமிழர்களுக்கு மாதுங்காவின் மகேசுவரி உத்யானத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிங்ஸ் சர்க்கிள் என்ற பழைய பெயரே இன்றும் பலருடைய நாவில் வழங்குகிறது. நடுவே வட்டமான பூங்கா. அதைச் சூழ்ந்து வண்டிகள் ஓயாது ஓடும் சாலை. சாலைக்கு அப்பால் சிற்றுண்டிச் சாலைகளும் கடைகளும் பழைய புத்தகம் விற்போரும். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கும் பெரியவர்களுக்கு இத்தகைய பூங்கா காற்று வாங்கும் இடம் மட்டும் அன்று. மராத்தியும் இந்தியும் அறியாத ஒருவர் தம் தாய்மொழியில் நாலு வார்த்தை பேசி மனம் ஆறுவதற்கு உரிய இடமும் அதுவே.

ஆயினும் இப்பூங்காவுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. சாலையைக் கடக்காமல் எவரும் இதனுள் கால் வைக்க இயலாது. கால் தளர்ந்த பெரியவரை, "தனியாகப் போகாதீர்கள், நான் அலுவலகத்திலிருந்து வந்து அழைத்துச் செல்கிறேன்" என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். பிள்ளை வீடு திரும்பும்போது இருட்டி விடுகிறது. பூங்கா கண்ணுக்கு எதிரே இருக்கிறது, காலுக்கு எட்டவில்லை.

இப்பகுதி பிறந்த வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகவேண்டும் என்று கருதி, அகன்ற வீதிகளும் பூங்காக்களும் கொண்ட குடியிருப்புகளைத் தாதர், மாதுங்கா பகுதிகளில் அது வகுத்தது. அன்று மக்களின் உடல்நலத்துக்காக அமைந்த அகலம், இன்று மோட்டார் வண்டிகளின் வேகத்துக்கு இடம் தருகிறது. இதுவே சிக்கலின் வேர்.

வேகம் என்ன செய்கிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை 14 மீட்டர் தொலைவில் சாலையில் இறங்கினால், கார் வேகம் சிறிதும் குறையாமலே அக்குழந்தையை அடைந்துவிடும். அதே கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், ஈரமற்ற சாலையில் சுமார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். ஓட்டுபவரும் அவரே, குழந்தையும் அதுவே. வேகம் ஒன்றுதான் வேறு. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்களின் மாநாடு, மக்களும் வண்டிகளும் கலந்து இயங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரை உச்ச வேகமாகக் கொள்ளப் பரிந்துரைத்தது இக்காரணம் பற்றியே.

வேகத்தை அறிவிப்புப் பலகை மட்டும் குறைத்துவிடாது. சாலையின் அமைப்பே குறைக்க வேண்டும். வளைவு அகன்றிருந்தால் வண்டி வேகம் தணியாமல் திரும்பும். குறுக்கினால் தானே தணியும். கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு மேடையாக உயர்த்தினால், வண்டி மெல்ல ஏறி இறங்க நேரும். சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும். பூங்காவின் வாயிலும் கடக்கும் இடமும் நேருக்கு நேர் அமைய வேண்டும். வாயில் ஓரிடத்திலும் ஜீப்ரா கோடுகள் வெகு தூரத்திலும் இருந்தால், மக்கள் வாயிலுக்கு நேராகவே கடப்பார்கள். அதனை ஒழுங்கீனம் என்று கடிவதில் பயனில்லை.

அடுத்து, கடக்கும் நேரம். 12 மீட்டர் அகலமுள்ள சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 10 விநாடியில் கடப்பார். விநாடிக்கு 0.8 மீட்டரே நடக்கும் முதியவருக்கு 15 விநாடி வேண்டும். சிக்னல் விளக்கு 10 விநாடியில் மாறினால் அவர் நடுச்சாலையில் நிற்பார். விளக்கின் நேரத்தை நீட்டுவது ஒரு வழி. நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு அமைப்பது மற்றொரு வழி.

நடைபாதையும் சீராக இருத்தல் வேண்டும். 1.8 மீட்டராவது தடையற்ற அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறை கூறுகிறது. நிறுத்திவைத்த ஸ்கூட்டர்கள் இதனை அடைத்தால் நடப்பவர் சாலையில் இறங்க நேரிடும். ஆயினும் பூ விற்பவரையும் புத்தகம் விற்பவரையும் விரட்டுவது தீர்வாகாது. அவர்களுக்கு உரிய இடத்தை வரையறுக்க 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமே வழி வகுத்திருக்கிறது. மாலையில் அவர்கள் இருப்பதால்தான் வீதியில் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கின்றன. மழைக் காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவதை யாவரும் அறிவர். நீருக்கடியில் பள்ளமும் படியும் தெரியா. ஆதலின் வடிகாலும் பாதுகாப்பைச் சேர்ந்ததே.

இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 2017-இல் வெளியான வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளின்படி, காவலரோ விளக்கோ இல்லாத கடக்கும் இடத்தில் ஓட்டுபவரே வேகம் தணித்து நின்று வழிவிட வேண்டும். தடையற்ற நடைபாதை, வாழும் உரிமையின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் வலியுறுத்திற்று. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, உரிமை.

கேட்டால் கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். மாதுங்காவிலேயே அதற்கு விடை உண்டு. அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியில் இருந்த வெற்றிடம் சீர்கெடாதபடி அவ்வட்டாரத்து மக்கள் காத்து, விடாது வற்புறுத்தினர். 2016-இல் அங்கே நானாலால் மேத்தா பூங்கா திறக்கப்பட்டது. நர்மதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து செல்லும் நடைவழி அதில் உண்டு. அதற்கும் சாலையைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதால், வேலை இன்னும் முடியவில்லை.

பிற மாநிலத்தில் வாழும் நாம், "இது நம் ஊர் அன்று, நமக்கென்ன" என்று ஒதுங்குவது எளிது. ஆனால் நாம் நடக்கும் வீதி நம் வீதியே. ஒரு மாலை உங்கள் வீட்டுப் பெரியவருடன் பூங்கா வரை நடந்து பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், கடக்க எத்தனை விநாடி ஆகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மராத்தி, குஜராத்தி அண்டை வீட்டாரின் கையெழுத்தையும் சேர்த்து வட்டார அலுவலகத்தில் கொடுங்கள். மாதுங்காவுக்கு அது மாநகராட்சியின் எஃப் வடக்கு வார்டு. பொதுவான குறையைவிட, இடமும் அளவும் சொல்லும் விண்ணப்பம் விரைவில் பயன் தரும்.

துணைக்கு ஆள் தேடாமல் ஒரு முதியவர் தாமே பூங்காவுக்குச் சென்று, பேசிக் களித்து, விளக்கு வைக்கும் வேளைக்கு வீடு திரும்பினால், அந்த வீதி குழந்தைக்கும், கடைக்காரருக்கும், வண்டி ஓட்டுபவருக்கும் பாதுகாப்பான வீதியாகிவிட்டது என்று கொள்ளலாம்.