காற்றில் ஓடும் இன்ஜின்: சிக்கல் எந்திரத்தில் இல்லை, தொட்டியில்

பெரிய சரக்குக் கப்பலின் டீசல் இன்ஜின் மூன்று நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும். அதைக் கிளப்ப செல்ஃப் மோட்டாரெல்லாம் போதாது. சுமார் 30 பார் அழுத்தத்தில் தொட்டிகளில் அடைத்துவைத்த காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் முறைவைத்துத் திறந்துவிடுவார்கள். காற்று தள்ளத் தள்ள பிஸ்டன்கள் இறங்கும்; ஓரளவு வேகம் பிடித்த பிறகுதான் எண்ணெய் பாய்ச்சப்படும். முதல் சில சுற்றுகளுக்கு அந்த ராட்சத இன்ஜின், எரிப்பு எதுவும் இல்லாத வெறும் காற்று இன்ஜின்தான்.

‘பெட்ரோல் வேண்டாம், காற்று போதும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களைப் பார்த்து ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்த இன்ஜின்களில் பல உண்மையிலேயே ஓடுகின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் புராஜெக்டாகச் செய்யும் வண்டிகளில் காற்றில் ஓடுவதும் ஒன்று. எத்தனை நேரம் ஓடும் என்பதைத்தான் வீடியோக்கள் சொல்வதில்லை.

செய்வது எப்படி?

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் ஆடும் சிலிண்டரில் தொடங்குகிறார்கள். இதில் வால்வே கிடையாது. சிலிண்டர் ஓர் ஆணியில் ஊஞ்சல்போல இருபுறமும் ஆடும். அதன் தட்டையான முகத்தில் ஒரு துளை. பின்னால் நிற்கும் பலகையில் இரண்டு துளைகள். ஒருபக்கம் சாயும்போது சிலிண்டரின் துளை காற்று வரும் துளையோடு சேரும், மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளையோடு சேரும். பித்தளையில் கடைந்தால் ஒரு லேத் பட்டறையில் ஒரே நாளில் முடிகிற வேலை. ஒன்றிரண்டு பார் அழுத்தமே இதைச் சுழற்றிவிடும்.

அடுத்த படி, குண்டு வால்வு. சிலிண்டர் ஹெட்டில் ஒரு சிறு துளை, அதன்மேல் ஒரு எஃகுக் குண்டு. தொட்டியின் அழுத்தமே குண்டைத் துளையின்மேல் அமுக்கி மூடிவைக்கும். பிஸ்டனின் தலையில் ஒரு சிறு ஊசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஊசி குண்டைத் தூக்கும், காற்று உள்ளே பாயும். பிஸ்டன் இறங்கியதும் குண்டு மறுபடி உட்காரும். உள்ளே மாட்டிய காற்று விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளிவிட்டு, அடியில் உள்ள துளை வழியே வெளியேறும். பொம்மை விமானங்களில் கார்பன் டை ஆக்சைடில் ஓடும் குட்டி இன்ஜின்களின் நுட்பமும் இதுதான். ஒரு குறை உண்டு. பிஸ்டன் ஏறி முடிப்பதற்குள்ளேயே ஊசி குண்டைத் தொட்டுவிடுவதால், அந்தக் கணம் காற்று பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். கனமான ஃபிளைவீல் இருந்தால்தான் அந்த இடத்தைத் தாண்டும். கையால் ஒரு சுழற்று கொடுக்காமல் கிளம்பவும் கிளம்பாது.

பழைய பைக் இன்ஜினை மாற்றப் போகிறவர்களுக்குத்தான் வேடிக்கை காத்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு சோலினாய்டு வால்வு. ஃபிளைவீலில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் சென்சார் சொல்ல, வால்வு திறக்கும். காகிதத்தில் கச்சிதம். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஏறும்போது, உள்ளே மிச்சமிருக்கும் காற்றை ஆறேழு மடங்கு அமுக்குகிறது. அமுங்கும் காற்று சூடாவதால் அழுத்தம் இன்னும் கூடி, 8 பார் தொட்டியையும் மிஞ்சிவிடுகிறது. தொட்டிக் காற்று உள்ளே வருவதற்குப் பதிலாக, உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளும்! தடிமனான கேஸ்கட் வைத்து ஹெட்டை உயர்த்தி, இந்த அமுக்கத்தைக் குறைத்தால்தான் இன்ஜின் வழிக்கு வரும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் வேறு தலைவலி. அதில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வால்வு திறக்கும். காற்று இன்ஜினுக்கு ஒவ்வொரு சுற்றிலும் திறக்க வேண்டும். ஆகவே கேம் ஷாஃப்டின் பல்சக்கரத்தையும், கேமின் வடிவத்தையும் மாற்றியாக வேண்டும். அது முடிந்த பிறகு இன்னொன்று தெரியவரும். இன்லெட் வால்வு சிலிண்டருக்குள் நோக்கித்தான் திறக்கும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வின் முதுகில் 8 பார் அழுத்தம் என்றால் ஏறத்தாழ 40 கிலோ எடை. சாதாரண பைக்கின் வால்வு ஸ்பிரிங் அதைத் தாங்காமல் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். வலுவான ஸ்பிரிங் போட வேண்டியதுதான்.

இந்தக் கைவேலையின் உச்சமாக 2013-ல் ஒரு கார் வந்தது. ருமேனியாவைச் சேர்ந்த இளைஞர் ராவுல் ஓய்டாவும் மெல்போர்னைச் சேர்ந்த ஸ்டீவ் சமார்டினோவும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட லெகோ துண்டுகளால் ஆள் உட்கார்ந்து ஓட்டும் காரைச் செய்தார்கள். காற்றில் ஓடும் அதன் இன்ஜினும் லெகோதான், மொத்தம் 256 பிஸ்டன்கள். மெல்போர்ன் தெருவில் மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. லெகோ வெடித்துவிடுமோ என்ற பயத்தில் அதற்குமேல் முறுக்கவில்லை.

தொட்டிக்குள் எவ்வளவு?

பங்க்சர் கடையில் நிற்கும் கம்ப்ரசரை எடுத்துக்கொள்வோம். 50 லிட்டர் தொட்டி, 8 பார். கடைக்காரர் கணக்கில் 115 பவுண்டு சொச்சம். அதில் அடைந்திருக்கும் காற்றிலிருந்து, எந்த இழப்பும் இல்லாத கற்பனை இன்ஜினால் அதிகபட்சம் எடுக்கக்கூடிய ஆற்றல் சுமார் 16 வாட் மணி. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் 5,000 எம்ஏஎச் செல்போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9,000. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் இரும்புத் தொட்டி ஒரு போன் பேட்டரிக்கு ஈடாகவில்லை.

100 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் நிறையக் காற்றைக் குடித்தால், ஒரு நிமிடத்துக்குள் அந்தத் தொட்டியின் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிஸ்டன் கால்வாசி இறங்கியதுமே வால்வை மூடி, உள்ளே போன காற்றை விரியவிட்டு வேலை வாங்கினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நீராவி இன்ஜின் காலத்திலிருந்தே தெரிந்த உத்திதான்.

விரியும் காற்று குளிரும் என்பது அடுத்த சிக்கல். 30 டிகிரியில் இருக்கும் காற்று 8 பாரிலிருந்து முழுதாக விரிந்தால், வெளியிலிருந்து வெப்பம் வராத பட்சத்தில், கணக்குப்படி மைனஸ் 110 டிகிரிக்குப் போக வேண்டும். நடைமுறையில் சிலிண்டர் சுவர் சூடு கொடுப்பதால் அவ்வளவு போவதில்லை. ஆனாலும் வெளியேறும் துளையில் பனி கட்டி அடைத்துக்கொள்ளும், அதுவும் சென்னைபோன்ற ஈரக்காற்று ஊர்களில். அமுக்கும்போது இதற்கு நேர்மாறாக கம்ப்ரசர் கொதிக்கிறது. அந்தச் சூடு முழுவதும் மின்கட்டணத்தில் வாங்கியது. தொட்டி ஆறும்போது வீணாகிறது.

19-ம் நூற்றாண்டிலேயே லூயி மெகார்ஸ்கி இதற்கு வழி கண்டார். பிரான்ஸின் நான்ட் நகரில் 1879 முதல் 1917 வரை அவருடைய காற்று டிராம்கள் ஓடின. டிராமிலேயே ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கும். காற்று அதன் வழியே சூடேறி இன்ஜினுக்குப் போகும். பனி கட்டாது, வலுவும் கூடும். நிலையத்துக்கு வந்தால் காற்றையும் வெந்நீரையும் நிரப்பிக்கொள்ளும். பாதை நிச்சயம், தூரம் நிச்சயம் என்பதால் அங்கே அது எடுபட்டது. நிலக்கரிச் சுரங்கங்களில் காற்று ரயில் இன்ஜின்கள் ஓடியதற்குக் காரணம் வேறு: தீப்பொறி பறக்காது.

நம் ஊரில் இந்தக் கனவு 2007-ல் பெரிதாகப் பேசப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் கீ நெக்ரின் எம்டிஐ நிறுவனத்தோடு டாடா மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. 2012-ல் முதல் கட்டம் முடிந்ததாக அறிவிப்பும் வந்தது. ஷோரூமுக்குக் கார் வரவில்லை. 300 லிட்டர் தொட்டியில் 300 பார் அடைத்தாலும் கிடைப்பது, அதுவும் இழப்பே இல்லாவிட்டால், சுமார் 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பேட்டரி கார் அதைவிடக் குறைந்த செலவில் அதிக தூரம் போகிறது என்று 2009-லேயே பெர்க்லி ஆய்வாளர்கள் கணக்குப்போட்டுக் காட்டிவிட்டார்கள்.

‘இன்ஜினே கம்ப்ரசரைச் சுழற்றித் தொட்டியை நிரப்பிக்கொள்ளும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். காற்று எரிபொருள் அல்ல. யாரோ மின்சாரம் செலவழித்து அமுக்கிவைத்த சேமிப்பு. போட்டதைவிட அதிகமாக எடுக்க முடியாது.

அதற்காகச் செய்யாமல் இருக்க வேண்டாம். வால்வு நேரம், விரிவு, உராய்வு என்று பாடப்புத்தகத்தில் படிப்பதையெல்லாம் கையில் கிரீஸ் படக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி குறைவு. ஆனால் தொட்டி விஷயத்தில் விளையாடாதீர்கள். பிவிசி குழாயில் காற்று அடைக்கவே கூடாது. உடைந்தால் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988-லேயே இதை எச்சரித்திருக்கிறது. பழைய சமையல் எரிவாயு சிலிண்டரும் வேண்டாம். மிச்ச வாயுவோடு காற்று கலந்தால் அது வெடிகலவை. வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரை இன்ஜினோடு இணைத்தால், எண்ணெய் பட்ட இடம் தானே பற்றிக்கொள்ளும். கம்ப்ரசருக்கென்றே செய்த தொட்டி, வேலை செய்யும் சேஃப்டி வால்வு, கேஜ் மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய தொட்டி வாங்கினால் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் அமுங்காது, தொட்டி விரிசல் விட்டாலும் வெடிக்காமல் கசிவதோடு நிற்கும்.

காற்று வண்டியில் முதலீடு செய்யச் சொல்லி யாராவது வந்தால், இன்ஜினைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை பார், ஒருமுறை நிரப்ப எத்தனை யூனிட் மின்சாரம் என்று மட்டும் கேளுங்கள்.