சக்கரம் போன வழியே போகும் மண்

உத்திரமேரூர் வட்டாரத்து நிலம் பார்வைக்குச் சமதளம்தான். ஏரிகள்தான் உண்மையைச் சொல்கின்றன. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிறதென்றால், நடுவில் நிலம் சரிந்தே ஆக வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு நடப்பவர் காலுக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது போதும்.

தண்ணீரோடு வண்டலும் வந்து ஏரியில் படியும் என்பது இந்த ஊருக்குப் பழைய செய்தி. முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் வரும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகத்தில் தூர் வாருவதற்கு அளித்த கொடைகளையும் இவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன.

அன்று கொல்லையிலும் கழனியிலும் ஏர் பூட்டியவை மாடுகள். ஒரு ஜோடி உழவு மாட்டின் எடை ஒரு டன்னை ஒட்டி இருக்கும். இன்று ஓடும் 45 குதிரைத்திறன் டிராக்டர் கலப்பை இல்லாமலே சுமார் 2 டன். டயர் வைத்த பெரிய அறுவடை இயந்திரம் 8 டன் அளவுக்கு வரும். மாட்டுக் குளம்பும் மண்ணை அழுத்தத்தான் செய்கிறது. குளம்பு சிறியது என்பதால், பதியும் இடத்தில் அதன் அழுத்தம் டயரைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் அது மேல்மண்ணோடு நின்றுவிடும். அடுத்த உழவில் சரியாகிவிடும். மொத்த எடை கூடக் கூட அழுத்தம் கீழே இறங்குகிறது, அதுவும் வழக்கமான கலப்பை எட்டாத ஆழத்துக்கு.

மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் பெரிய துளைகள் வழியாகத்தான் மழைநீர் உள்ளே இறங்குகிறது. சக்கரம் ஏறியதும் முதலில் நசுங்குவது அந்தத் துளைகள்தான். ஈர மண்ணில் முதல் ஓட்டத்திலேயே பெரும்பங்கு சேதம் நடந்துவிடும். அதே தடத்தில் மறுபடி ஓடினால் சேருவது கொஞ்சம்தான். இறங்க வழியில்லாத தண்ணீர் மேலாக ஓடுகிறது. தடம் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகப் போனால் அதுவே வாய்க்கால்.

மழை விட்ட மறுநாள் மேட்டுச் செம்மண் கொல்லையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டயர் பட்டைகள் பதிந்த இடம் வழுவழுப்பாகத் தெரியும். தடத்தின் நடுவே விரல்கடை ஆழத்துக்கு ஓர் அரிப்பு. கீழ் வரப்பின் மூலையில் விசிறியாகப் பரவிக் கிடக்கும் மணல். அந்த மணலோடு வந்த களியும் மக்கும் அங்கே நிற்பதில்லை. வரப்பை உடைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டிருக்கும். வேர்க்கடலை போட்டிருந்தால் தடத்தின் மேல் வளர்ந்த செடிகள் சவலையாக நிற்கும். இறுகிய மண்ணில் விழுது இறங்காது. இறங்கிக் காய்த்தாலும், பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

போகிற மண் எவ்வளவு? இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 16.4 டன் மண் அரித்துப் போகிறது என்று 1983இல் துருவ நாராயணா, ராம் பாபு என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிலம் முழுக்கப் பரப்பினால் இது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் ஓர் ஏக்கருக்கு இரண்டு டிராக்டர் லோடு மண் என்று சொன்னால் எவரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த மண்ணை அள்ளிப் போகும் நீரில் சக்கரத்தின் பங்கைத் தனியே அளந்து பார்த்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. டிராக்டர் ஏறிய பாத்திகளிலிருந்து ஓடிய மழைநீர், ஏறாத பாத்திகளைவிட 40 சதவீதத்துக்கும் அதிகம் என்று அங்கே ஜெஃப் டல்பெர்க் குழுவினர் கண்டார்கள். எல்லா இயந்திரங்களும் ஆண்டாண்டுக்கும் ஒரே நிலையான தடத்தில் ஓடும் முறை அந்நாட்டில் பரவியதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளும் ஒரு காரணம். நம் நீலகிரியில் 1954இல் தொடங்கிய உதகமண்டலம் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், செங்குத்தான உருளைக்கிழங்கு நிலங்களில் வேறொரு பாடத்தைக் காட்டியது. பாரைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் மண் இழப்பு வெகுவாகக் குறைகிறது.

உத்திரமேரூரில் இந்தப் பாடம் தடுக்கி நிற்கும் இடம் வாடகைக் கணக்கு. டிராக்டருக்கு மணிக்கணக்கில் கூலி. திரும்பும் நேரம் வீண் என்பதால் ஓட்டுநர் நிலத்தின் நீளவாக்கில்தான் ஓட்டுவார். நீளம் சரிவோடு போனால் சாலும் சரிவோடு போகும். காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று தார்ச்சாலையில் ஓடும் வண்டி என்பதால் டயரில் காற்றும் சாலைக்கேற்ற அளவில் இறுகியே இருக்கும். சம்பா அறுப்பு நேரத்தில் நிலம் காயக் காத்திருக்கவும் முடிவதில்லை. இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஈரக் கழனிக்கு, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி நல்லது. எடையைப் பரப்பி வைக்கும். ஆனால் வாடகை கூடுதல்.

எல்லா இறுக்கமும் தீமையல்ல. கழனியில் சேடை ஓட்டும்போது அடியில் உருவாகும் கெட்டிப்படலம்தான் நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அதை உடைத்தால் தண்ணீர் நிற்காது. மேட்டுக் கொல்லையில் அதே படலம் எதிரி. அங்கே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடையில் மண் உலர்ந்திருக்கும்போது, அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

பெரிய செலவில்லாத வழிகளும் உண்டு. கடைசி உழவையாவது சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லலாம். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் உருட்டினால் திரியாக நீள்கிறதா, வண்டியை இறக்க வேண்டாம்; உதிர்ந்தால் பதம். ஏரி வண்டலை இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். அந்த வண்டலைக் கொண்டுவரும் டிப்பரைக் கொல்லைக்குள் விடாமல் ஓரத்தில் கொட்டச் சொல்வது நல்லது. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாகப் பதிவு செய்தாலும், தெருவில் தனியார் வண்டியைப் பேசினாலும், எந்தத் திசையில் ஓட்ட வேண்டும் என்பதை வண்டி நிலத்தில் இறங்குமுன் ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். திரும்புவதற்குக் கூடுதலாகும் நேரத்தையும் அப்போதே கூலியோடு சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.