பயணியின் தங்குமிடம்: தொடர் ஓட்டலும் எல்லைப்புற வீடும்

வெளிநாட்டுப் பயணி ஒருவர் செலவிடும் பணத்தில் கணிசமான பகுதி தங்குமிடத்துக்கே போகிறது. ஆகவே அவர் எங்கே தங்குகிறார் என்பது அவருடைய சொந்த வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அந்தப் பணம் எந்த ஊரில், யார் கையில் சேருகிறது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். ஒரு பக்கம் கோவளம் கடற்கரையின் பெரும் ஓட்டல்கள். மறுபக்கம் தென்னைக்கும் வாழைக்கும் மரச்சீனிக்கும் நடுவே, ஓரிரு அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கக்கூடிய வீடுகள். இரண்டுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணந்தான்.

சாலையும் சத்திரமும்

வழிப்போக்கரைத் தங்கவைப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிய தொழில் அன்று. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தையும் 1795-க்குப் பின் தலைநகரான திருவனந்தபுரத்தையும் இணைத்த சாலை இவ்வூர்கள் வழியாகவே சென்றது. இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் திருவுருவ ஊர்வலம், குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில் ஓர் இரவும் தங்கியே திருவனந்தபுரம் சேருகிறது. வழிநெடுக வழியம்பலங்களும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்களும், அரசின் ஊட்டுப்புரைகளும் இருந்தன. பத்மநாபபுரம் அரண்மனையில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரையை இன்றும் காணலாம்.

இம்மரபைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் மறந்துவிடலாகாது. ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பெரும்பாலும் அந்தணர்களுக்கே உரியதாக இருந்தது. வழிப்போக்கர் எல்லாருக்கும் எல்லாத் திண்ணையும் திறந்திருக்கவில்லை. சாதி, சமய வேறுபாடு இன்றி அனைவரும் வாழும் இடம் என்னும் கருத்தை 1888-இல் ஸ்ரீ நாராயண குரு முன்வைத்த அருவிப்புறம், இதே நெய்யாற்றின்கரைப் பகுதியில்தான் உள்ளது. தங்குமிடத்தைப் பற்றிய எந்த ஆய்விலும் இது நினைவில் நிற்க வேண்டிய செய்தி. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது, களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதனைப் பராமரிப்பது கேரளத் தொல்பொருள் துறையே. எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. பயணிக்கு வழிகாட்ட இதைவிட நல்ல தகுதி வேண்டியதில்லை எனலாம்.

தொடர் ஓட்டல் எதை விற்கிறது?

பெரும் ஓட்டல் இங்கு முதலில் அரசின் முயற்சியாகவே வந்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கோவளம் கடற்கரை விடுதியை, இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1970-களில் அசோக் ஓட்டல்களின் வரிசையில் நடத்திவந்தது. 2002-இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. இதற்கிடையில் 1986-இல் கேரள அரசு சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. கோவளத்தின் புகழ் உயர உயர, நாடறிந்த ஓட்டல் நிறுவனங்களும் அக்கடற்கரைக்கு வந்து சேர்ந்தன.

தொடர் ஓட்டல் என்னும் முறையின் அடிப்படையைப் புரிந்துகொள்ள அமெரிக்காவை நோக்க வேண்டும். 1951-இல் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் குடும்பத்துடன் காரில் பயணம் சென்றார். ஒவ்வோர் ஊரிலும் அறையின் தரமும் வாடகையும் மாறிமாறி இருந்ததும், குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்கப்பட்டதும் அவருக்கு எரிச்சலூட்டின. மறு ஆண்டே மெம்பிஸ் நகரில் ஹாலிடே இன் என்னும் பெயரில் ஓர் ஓட்டலைத் திறந்தார். எங்கே போனாலும் அதே படுக்கை, அதே குளியலறை, அதே ஒழுங்கு என்பதே அவர் விற்ற சரக்கு. இன்று பல தொடர் நிறுவனங்கள் கட்டடத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்வதுகூட இல்லை. கட்டடம் ஒருவருடையது; பெயரும் நிர்வாக முறையும் முன்பதிவு வசதியும் நிறுவனத்துடையவை; அவற்றுக்காக உரிமையாளர் கட்டணம் செலுத்துகிறார். சுருங்கச் சொன்னால், நிறுவனம் விற்பது நம்பிக்கையை.

இந்த நம்பிக்கையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்குபவர், தனியே பயணம் செய்யும் பெண், சக்கர நாற்காலியில் வரும் முதியவர் ஆகியோருக்கு அது பெரும் துணை. தீயணைப்பு ஏற்பாடு, மின்தடையின்போது மாற்று மின்சாரம், பயணம் தடைப்பட்டால் பணத்தைத் திரும்பப் பெறும் விதி ஆகியவை எழுத்தில் இருக்கும். மற்றொன்றும் உண்டு. ஓட்டலில் பணம் கொடுப்பவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளிலோ ஓட்டல்களிலோ தடுக்கலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) விதி கூறுகிறது. வீடு விடுதியாகும்போது அதன் வாசலும் அதே விரிவுடன் திறக்க வேண்டும். பழைய ஊட்டுப்புரையை நினைவூட்டியது இதற்காகவே.

வீட்டின் கணக்கு

வீடு தரக்கூடியது வேறு. காலையில் புட்டும் கடலையும், நண்பகலில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். பாலராமபுரம் தறிகளுக்கோ, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறுக்கோ அழைத்துச் செல்ல வீட்டிலேயே ஒருவர். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைக் காலைத் தேநீரோடு சொல்லிவிடுவார்கள். இவை இனிமையானவை, ஆனால் அதிகாரிகளுக்கும் மாணவர்களுக்கும் முக்கியமானது இதன் பின்னுள்ள பணக் கணக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறை வாடகைக்குச் சரக்கு, சேவை வரி 5 சதவிகிதம். அதற்கு மேற்பட்டால் 18 சதவிகிதம். 10,000 ரூபாய் அறைக்கு வரி மட்டும் 1,800 ரூபாய். 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவையாளர் வரிப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்பதால் சிறு வீட்டுக்காரருக்கு இச்சுமையும் இல்லை. ஆனால் அறையை இணையத் தளம் வழியே விற்றால், பதிவு செய்யாத வீட்டுக்காரரின் சார்பில் வரியைத் தளமே வசூலித்துச் செலுத்த வேண்டும். தளத்தின் தரகும் உண்டு. அது பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் அளவை ஒட்டி நிற்கிறது. ஆக, ஊர் வீட்டில் தங்கினால் பணம் முழுவதும் ஊரிலேயே தங்கும் என்று கருதுவது சரியன்று. நேரடியாகத் தொலைபேசியில் பேசி வரும் விருந்தினரே வீட்டுக்கு முழுப் பயன் தருகிறார்.

அதேபோலத் தொடர் ஓட்டலின் பணம் முழுவதும் வெளியேறிவிடுவதாகவும் கொள்ள முடியாது. ஓட்டலில் வேலை பெறுவோர், அதற்குக் காய்கறியும் மீனும் வழங்குவோர் ஊர் மக்களாக இருந்தால் ஒரு பகுதி இங்கேயே நிற்கும். கேரள அரசு 2008-இல் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தின் மையக் கருத்து இதுவே. குமரகத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் பயிரிட்ட காய்கறிகளை ஓட்டல்கள் வாங்கத் தொடங்கின. 2017-இல் இத்திட்டம் மாநிலம் தழுவிய இயக்கமாக்கப்பட்டது. கோவளத்து ஓட்டலின் சமையலறைக்கு நெய்யாற்றின்கரை வாழைக்குலை செல்லுமானால், தொடர் ஓட்டலுக்கும் எல்லைப்புறக் கிராமத்துக்கும் இடையே உள்ள பகை பாதியாகக் குறைந்துவிடும்.

வீட்டுக்காரரின் இடர் வேறு வகையானது. கடற்கரைக்கு வெளிநாட்டார் மிகுதியாக வருவது நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை. பருவமழையில் அறை காலியாகக் கிடக்கும். தோட்ட வருமானத்துக்குத் துணையாக இருக்கும்வரை இதனால் கேடில்லை. கடன் வாங்கி அறைகள் கட்டியவருக்கு நிலைமை வேறு. 2020-இல் பெருந்தொற்றினால் பயணம் அடியோடு நின்றபோது வாடகை நின்றது. வட்டி தானாக நிற்பதில்லை. 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டம் இத்தகைய வீட்டு விடுதிகளுக்கு முத்ரா கடன் அளிப்பதாக அறிவித்துள்ளது. புதிய அறை கட்டுவதைவிட, இருக்கும் அறைக்கு நல்ல கழிப்பறையும் தூய குடிநீரும் அமைப்பதற்கு இக்கடனைப் பயன்படுத்துவதே அறிவுடைமையாகும்.

சான்றிதழும் பூட்டிய வீடும்

தொடர் நிறுவனத்தின் பெயர் தரும் நம்பிக்கையை வீட்டுக்கு யார் தருவது? அரசின் தரச் சான்றிதழே அதற்கு வழி. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டு விடுதித் திட்டத்தில் தங்கம், வெள்ளி என இரு தரங்கள் உள்ளன. கேரள அரசின் வகைப்பாட்டில் இவற்றுடன் வைரமும் உண்டு. மத்தியத் திட்டத்தின்படி ஒரு வீட்டில் ஆறு அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடலாகாது. உரிமையாளர் குடும்பத்துடன் அங்கேயே வசிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழித் தெரிவிப்பதும் கட்டாயம். ஐரோப்பியப் பயணிக்கு இது வியப்பளிக்காது. இத்தாலியில் விருந்தினர் விவரத்தைக் காவல் துறைக்கு அதே 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். 2025 முதல் வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு சுற்றுலா வீட்டுக்கும் தேசிய அடையாள எண்ணும் அங்கு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

உரிமையாளர் உடனிருக்க வேண்டும் என்னும் விதி நியாயமானதே. அவர் இல்லாத வீடு வெறும் வாடகைக் கூடமாகிவிடும். ஆயினும் கேரளக் கிராமங்களில் வளைகுடா நாடுகளுக்கும் பிற இடங்களுக்கும் சென்றவர்களின் நல்ல வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன. வசதியான அறைகள் உள்ள அத்தகைய வீடுகளுக்கு இந்த விதியின் கீழ் இடமில்லை.

இத்தாலியின் வடகிழக்கு எல்லையில் உள்ள பிரியூலி பகுதியில் 1976-இல் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பழுதுபார்க்கப்பட்ட மலைக்கிராம வீடுகள் பல குடியிருப்போர் இன்றி நின்றன. அவற்றை ஒரே விடுதியாகச் சேர்த்து நடத்தும் எண்ணம் அங்கே உருவாயிற்று. வரவேற்பறை ஓரிடத்தில் இருக்கும். அறைகள் நடக்கும் தொலைவில் பல வீடுகளில் சிதறி இருக்கும். சாவி, துப்புரவு, உணவு, கணக்கு அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பு. ‘சிதறிய ஓட்டல்’ என்று பொருள்படும் பெயரில் இம்முறை பின்னர் இத்தாலி எங்கும் பரவியது. தொடர் ஓட்டலின் ஒழுங்கும் ஊர் வீட்டின் தன்மையும் இதில் ஒருங்கே அமைகின்றன.

பாறசாலையில் நிலநடுக்கம் இல்லை; பூட்டிய வீடுகள் உண்டு. ஒரு சிற்றூரின் பத்து வீடுகளை ஒரு கூட்டுறவுச் சங்கமோ, குடும்பஸ்ரீ குழுவோ ஏற்று நடத்துமானால், உடனிருந்து பொறுப்பேற்கும் உரிமையாளரின் இடத்தை அது நிரப்ப முடியும். அதற்குமுன் தீர்க்க வேண்டிய சிறு செய்திகள் பல: வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல், குடிநீர்ச் சோதனை, கழிவை நெய்யாற்றில் விடாமல் அகற்றும் ஏற்பாடு, களியக்காவிளையைக் கடந்து செல்லும் வாடகைக் காருக்கு இரு மாநிலங்களுக்கும் செல்லுபடியாகும் அனுமதி. இவற்றுள் முதல் மூன்றையும் ஊராட்சி அளவிலேயே தொடங்கிவிடலாம்.