தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் எங்கே? ஜாப் ஒர்க் நிலுவையும் நிறைவேற்று மனுவும்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் தலித்துகள் தொழிலாளர்களாகச் சுரண்டப்படுவது குறித்து நாம் தொடர்ந்து பேசுகிறோம். சிறு அலகு நடத்துபவர்களாக அவர்கள் இழக்கும் பணத்தைக் குறித்துப் பேசுவதில்லை. பொங்கலூர், பல்லடம் சுற்றுவட்டாரத்தில் ஒரு கொட்டகையில் பத்துப் பதினைந்து எந்திரங்களை வைத்து பவர் டேபிள் நடத்துபவரை 'முதலாளி' என்று அழைப்பதே ஒருவகைக் கேலிதான். துணி அவருடையதன்று, வடிவமைப்பும் அவருடையதன்று. கட்டிங் முடிந்து வரும் துணியைத் தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி மூன்று மாதம் நின்றாலும் தைப்பவர்களின் சனிக்கிழமைச் சம்பளம் நிற்க முடியாது. அதை வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். வராத பில் ஒன்று இரண்டு மாதங்களில் கந்துவட்டியாக மாறிவிடுகிறது.

இத்தொழிலில் கடன் என்பது நம்பிக்கையின்மேல் ஓடுகிறது. அந்த நம்பிக்கை சாதிவழி உறவுகளின்மேல் நிற்கிறது. கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்கள் உழவிலிருந்தும் தொழிலாளர் நிலையிலிருந்தும் ஆலை உரிமையாளர்களாக உயர்ந்த வரலாற்றை, ஆய்வாளர் சரத் சாரி 2004-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உறவுக்காரரின் பாக்கியைத் திருமண வீட்டில் கேட்டு வாங்கிவிடலாம். அந்த வீட்டிற்குள் நுழைய முடியாத அருந்ததியர் ஒருவர் எங்கே போய்க் கேட்பது? அவருக்கு மிஞ்சுவது காகிதமும் நீதிமன்றமும்தான்.

நீதிமன்றம் தருவது பணத்தையன்று, தீர்ப்பாணையை. இந்த வேறுபாடு புரியாததால்தான் பலர் வழக்கில் வென்று பணத்தில் தோற்கிறார்கள். இந்தியாவில் வழக்காடியின் துன்பம் தீர்ப்பாணை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1872-இலேயே குறிப்பிட்டது. 1980களில் தொடங்கிய ஒரு நில வழக்கின் தீர்ப்பாணை நிறைவேறாமல் கிடந்து, பெரியம்மாள் எதிர் இராஜாமணி என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 மார்ச்சில் அவ்வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகள், நாடெங்கும் தேங்கியுள்ள நிறைவேற்று மனுக்களின் கணக்கைக் கேட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வந்த கணக்கு 8.82 லட்சத்திற்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் 86,000-க்கும் மேல். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்று ராகுல் ஷா வழக்கில் 2021-இலேயே உத்தரவிடப்பட்டிருந்த நிலையில்தான் இந்த எண்ணிக்கை.

ஆகவே, எந்த மன்றத்திற்குப் போவது என்பதே முதல் கேள்வி. சாதாரண பண வழக்கை விட, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பவர் டேபிள்காரருக்கு மிகவும் சாதகமானது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டப்படும் கூட்டுவட்டி. வங்கி வீதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16.5 சதவீதம். முறையீட்டை மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றம் விசாரிக்கும். திருப்பூர்ப் பகுதிக்குக் கோவையில் உள்ளது. முதலில் சமரச முயற்சி. அது தோற்றால் நடுவர் தீர்ப்பு. அத்தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் கொள்முதலாளர் 75 சதவீதத் தொகையை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். மேல்முறையீட்டைச் சொல்லியே காலம் கடத்துபவரின் கையை இந்த ஒரு விதி கட்டிவிடுகிறது.

அச்சட்டத்தில் பலரும் கவனிக்காத இன்னொரு வரி உள்ளது. திருப்பூரில் பணம் மறுக்கப்படும் வழக்கமான வழி, "பீஸ் டேமேஜ், டெபிட் நோட் போட்டாயிற்று" என்பதே. பில்லைக் கேட்டு நடந்து நடந்து ஓய்ந்த பிறகுதான் இந்தக் குறை கண்டுபிடிக்கப்படும். சட்டப்படியோ, சரக்கு கைக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்காவிட்டால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். எனவே சரக்கு இறக்கிய தேதி கையொப்பத்துடன் டெலிவரி சலானில் இருக்க வேண்டும். இச்சட்டத்தின் பயன் முழுவதும் அந்தத் தாளில்தான் தொங்குகிறது. உத்யம் பதிவும் வேலை எடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். பின்னால் பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்கு உரிமை கோர முடியாது என்று மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்நிலைப்பாட்டை விரிவான அமர்வு ஆராய வேண்டும் என்று 2025-இல் மற்றோர் அமர்வு கருதியுள்ளது. ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது. பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை.

காசோலை திரும்பியிருந்தால் பாதை வேறு. வங்கித் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த பின் 15 நாட்கள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்திற்குள் குற்றவியல் புகார். 2018 திருத்தத்தின்படி, வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

உரிமையியல் வழக்குதான் வழி என்றால், கடன் ஏற்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தீர்ப்பாணை கிடைத்தபின் நிறைவேற்ற 12 ஆண்டுகள் உண்டு. அந்த 12 ஆண்டுகளில் கடனாளி என்ன செய்வார் என்பது ஊரறிந்தது: நிறுவனத்தை மூடிவிட்டு மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ வேறு பலகை மாட்டுவார். சொத்தை மறைக்கும் நோக்கம் தெரிந்தவுடனேயே, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கோரும் வாய்ப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் ஆணை தருகிறது. நிறைவேற்றும் கட்டத்திற்கு 21-ஆம் ஆணை. கடனாளி தன் சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. அவருக்குப் பிறர் தர வேண்டிய பணத்தையும் முடக்கலாம். திருப்பூரில் இதுவே கூர்மையான ஆயுதம் என்பது என் கருத்து. அமீனாவுடன் போய்ப் பழைய எந்திரங்களை ஜப்தி செய்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். அவருக்கு ஆர்டர் கொடுத்த பெரிய நிறுவனத்திடமுள்ள பில் தொகையை முடக்கினால், அவரே தேடி வருவார்.

அவர் உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தால்? கையில் வழியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்க முடியாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். நமக்கு அது தடையாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறைகளாகத் தீர்ப்பாணையின் மறுமுனையில் கடனாளியாக நின்றவர்கள் நம் மக்களே. கொத்தடிமைக் கடன்களை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்ததும், அக்கடன்களுக்காகப் பெறப்பட்ட தீர்ப்பாணைகளைச் செல்லாக்காசாக்கியதும் அதனால்தான். கொடுக்க வசதியிருந்தும் மறுப்பவருக்கு அந்த 1980 தீர்ப்பு அடைக்கலம் தரவில்லை.

வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற அச்சம் பொய்யானதன்று. சாதியைக் காரணமாக வைத்து வணிக உறவைத் துண்டிப்பதும், துண்டிக்கச் சொல்லிப் பிறரைத் தூண்டுவதும் 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின்படி பொருளாதாரப் புறக்கணிப்பு என்னும் குற்றம். இதற்குச் சாதி நோக்கத்தைக் காட்டும் சான்று தேவை. எல்லாப் பாக்கி வழக்கோடும் இதைச் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் இரண்டு வழக்கையும் பலவீனப்படுத்தும், செய்ய வேண்டாம்.

வழக்கறிஞர் செலவைச் சொல்லிப் பின்வாங்குபவர்களிடம் இயக்கத் தோழர்கள் கூற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். இவ்வுதவி குற்றவியல் வழக்குகளுக்கு மட்டுமே என்று எண்ணுவது தவறு. பண வழக்குக்கும் உண்டு, நிறைவேற்று மனுவுக்கும் உண்டு. பல்லடம் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ திருப்பூர் மாவட்ட ஆணைக்குழுவிலோ சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். வழக்கு போடாமலேயே லோக் அதாலத்திற்கு அழைப்பு அனுப்பக் கோருவதும் அங்கேதான். அங்கு ஏற்படும் உடன்பாடு தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. உடன்பாட்டில் தவணைத் தேதிகளையும், ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் உடனே செலுத்தப்பட வேண்டும் என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத உடன்பாட்டை எடுத்துக்கொண்டு நிறைவேற்று மனு போடப் போனால், ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே நடக்க வேண்டியிருக்கும்.