வேலை போனால் கட்டில் என்னாகும்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் பெண்ணை அனுப்பும் வீட்டில் சம்பளம் எவ்வளவு என்பதற்கு அடுத்து எழும் கேள்வி, எங்கே தங்குவாள் என்பதுதான். அதற்கு அரசு தந்த பதில் வல்லம் வடகாலில் நிற்கிறது. அரசு நிறுவனமான சிப்காட் 20 ஏக்கரில், 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு அது. 13 அடுக்குமாடிக் கட்டடங்கள், அறைக்கு 6 பேர், மொத்தம் 18,720 பேர் தங்கலாம். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்களுக்காகக் கட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.

இந்தக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் அதிகமான பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கூட இருந்தவர்களின் கதி தெரியாமல் தவித்த தோழிகள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே அறையில் பலரை அடைத்ததும், தண்ணீர் வராத கழிவறைகளும் அதன் பிறகுதான் வெளியே தெரிந்தன. சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிக்கிடந்த ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. அந்தப் பெண்கள் சாலைக்கு வராதிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நம்புகிறேன்.

சட்டம் ஏன் முன்பே காக்கவில்லை? 1979ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் இருப்பிடம் தர வேண்டும் என்றது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துவரப்பட்டவர்களுக்கு மட்டும். திருவண்ணாமலையிலிருந்து வந்த பெண் அதற்குள் வரவில்லை. பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் தனிச்சட்டம் வந்தது. உரிமம் பெற வேண்டும் என்கிறது அது. சட்டம் இருந்தும் 2021 நடந்தது.

இதே கதையை நம் ஆண்கள் சிங்கப்பூரில் வாழ்ந்து பார்த்தவர்கள். 2020இல் கொரோனா பரவியபோது, அங்கே 3 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தமிழர்கள் அதில் ஏராளம். அடுத்த ஆண்டே, புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் வேலை அனுமதி முதலாளியோடு பிணைந்தது; வேலை போனால் படுக்கையும் போகும்.

வல்லம் வடகாலில் அறை நல்ல அறைதான். ஆனால் ஒரு கம்பெனியின் ஆட்களுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. வேலை நின்றுபோகும் பெண் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் அது லைன் சூப்பர்வைசர் காதுக்குப் போகுமா என்பதையெல்லாம் எழுத்தில் வைக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதக் கெடு வேண்டும். புகார் கேட்பவர் கம்பெனி சம்பளம் வாங்காத அதிகாரியாக இருக்க வேண்டும். விடுதிக் குழுவில் அங்கே தங்கும் பெண்களே பாதிப்பேர் உட்கார வேண்டும். கட்டியது அரசு என்பதால், இந்த மூன்றையும் நிபந்தனையாக்க சிப்காட்டால் முடியும்.