ஆய்வுகூடத்தில் வென்ற வேர் நோயைக் குணப்படுத்துமா?

மருந்துச் சரக்குக் கடைக்கு நன்னாரி வேர் வாங்க வருபவர் சில வேளைகளில் ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வேர் புற்றுநோயைக் கொல்லும் என்று கண்டுபிடித்திருக்கிறார்களாமே, உண்மையா?" "ஆம்" என்றால் சரக்கு விற்கும். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி அவர் வைத்தியசாலைச் சிகிச்சையைக் கைவிட்டுவிடவும் கூடும். எனவே ஆய்வு உண்மையில் எதைச் சொல்கிறது என்பதை வியாபாரிகள் அறிந்திருப்பது அவசியம்.

ஆய்வு நடந்தது உண்மையே. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த கஷாயத்தை நம் நாட்டுச் சுதேச வைத்தியர்கள் புற்றுநோயாளருக்குக் கொடுத்து வந்துள்ளனர். பேராசிரியை ஐரா தப்ரூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதனை மனித ஈரல் புற்றுநோய்க் கலங்களில் பரிசோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். கஷாயம் அக்கலங்களைப் பாதித்தது. எலிகளில் செய்த ஆய்வுகளிலும் நம்பிக்கையூட்டும் பலன் கிடைத்தது.

இத்தகைய பரிசோதனை எப்படி நடைபெறுகிறது? வேரை உலர்த்தி, பொடித்து, நீரிலோ மதுசாரத்திலோ ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய்க் கலங்களை வளர்த்து, குழிக்குக் குழி வெவ்வேறு அளவில் சாற்றைச் சேர்ப்பார்கள். இரண்டு, மூன்று நாட்களின் பின்னர் மஞ்சள் நிறச் சாயம் ஒன்று இடப்படும். உயிருள்ள கலங்கள் மாத்திரமே அதனை ஊதா நிறமாக மாற்றும். ஊதா குறையக் குறைய, இறந்த கலங்கள் அதிகம் என்று பொருள்.

இங்குதான் கவனம் தேவை. தட்டிலுள்ள கலங்களைச் சவர்க்காரமும் கொல்லும். அதனால் அது மருந்தாகிவிடாது. சாறு நல்ல கலங்களை விட்டுவைக்கிறதா, வயிற்றைக் கடந்து இரத்தத்தில் போதிய அளவு சேர்கிறதா, மனிதருக்குப் பாதுகாப்பானதா என்பவையெல்லாம் அடுத்தடுத்த கட்டங்கள்.

பொடோபில்லம் என்ற செடியின் வேர் இதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள பொடோபில்லோடொக்சின் கலங்களைக் கொல்லும். ஆனால் உட்கொள்ளும் மருந்தாக்க முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை உடையது. இரசாயனவியலாளர்கள் அதன் அமைப்பை மாற்றி எட்டோபொசைட் என்ற மருந்தை உருவாக்கினர். 1983இல் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது. நுரையீரல், விதைப்பைப் புற்றுநோய்களுக்கு வைத்தியர்கள் அதனைக் கொடுக்கின்றனர். நோயாளிக்குப் பயன்பட்டது அளந்து தயாரித்த மருந்தே தவிர, வேர்ப் பொடியல்ல.

வியாபாரிகளுக்கு இன்னுமொரு விடயம். ஆய்வு முடிவு பரிசோதித்த தாவரத்துக்கு மட்டுமே உரியது. தென்னிந்தியச் சந்தையில் நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கும் விற்கப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு தாவரங்கள். ஆகவே இறக்குமதிச் சரக்கின் தாவரப் பெயரைக் கேட்டுப் பெறுங்கள்; எவரிடம், எப்போது வாங்கியது என்பதைக் குறித்து வையுங்கள்; ஒரு மூட்டையை மற்றொன்றுடன் கலக்காதீர்கள்.

பொதியில் "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என அச்சிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. கேட்பவருக்கு, "ஆய்வு நடக்கிறது, உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு கிலோ குறைவாக விற்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளரின் உயிரும் உங்கள் கடையின் நாணயமும் அந்த ஒரு கிலோவை விடப் பெறுமதியானவை.